மொட்டைமாடிக் கம்பியும் பழகிய காதும்

செப்டம்பர் 17, விஸ்வகர்மா பூஜை. கொல்கத்தாவில் பட்டறைகளும் ரிக்‌ஷா ஸ்டாண்டுகளும் பந்தல் போட்டுக் கொண்டாடும் நாள். அன்று வானம் பட்டங்களுக்குச் சொந்தம். மாடிக்கு மாடி மாஞ்சா நூல்கள் மோதிக்கொள்கின்றன. ஒரு பட்டம் அறுந்துவிட்டால் “போக்காட்டா!” என்று தெருவே கத்துகிறது. இந்தக் கூச்சலுக்கு நடுவே நகரத்தின் சில மாடிகளில் மட்டும் ஒரு மனிதர் கொஞ்சம் கவலையோடு நின்றுகொண்டிருப்பார். அவருடைய கண் பட்டத்தின் மேல் இல்லை. தண்ணீர்த் தொட்டிமேல் நட்ட மூங்கில் கழியிலிருந்து எதிர்மூலை வரை இழுத்துக் கட்டிய ஒரு மெல்லிய தாமிரக் கம்பியின் மேல் இருக்கிறது. அறுந்த பட்டம் ஒன்று வந்து அதில் சிக்கி, பக்கத்து மாடிப் பையன் நூலை வெடுக்கென்று இழுத்தால் போதும். அன்றிரவு அவர் ஜப்பானோடு பேச முடியாது.

அந்தக் கம்பியின் நடுவிலிருந்து ஒரு கறுப்பு கேபிள் இறங்குகிறது. பார்த்தால் டிவி கேபிள் என்றுதான் தோன்றும். ஜன்னல் சட்டத்தில் போட்ட ஓட்டை வழியாக அது வீட்டுக்குள் நுழைந்து படுக்கையறையின் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே ஒரு சின்ன மேஜை. அதன்மேல் சாப்பாட்டு கேரியரைப் படுக்கவைத்த அளவில் ஒரு பெட்டி. அனுப்புவதும் வாங்குவதும் அந்த ஒரே பெட்டிதான், பெயர் டிரான்சீவர். கீழே ஒரு 12 வோல்ட் பேட்டரி. பக்கத்தில் மோர்ஸ் சாவி, ஹெட்போன், நீளமான ஒரு நோட்டுப் புத்தகம். சுவரில் இரண்டு கடிகாரங்கள்: ஒன்று இந்திய நேரம் காட்டுகிறது, இன்னொன்று அதற்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம். மொத்த நிலையமும் ஒரு தையல் மெஷின் அடைத்துக்கொள்ளும் இடத்துக்கு மேல் கேட்பதில்லை. உலகத்தின் எந்த மூலையோடும் பேசுவதற்கு இவ்வளவு போதும்.

இதுதான் ஹாம் ரேடியோ. சட்டத்தின் மொழியில் அமெச்சூர் வானொலிச் சேவை. வானொலியைக் கேட்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கலாம். வானொலியில் பேச உரிமை பெற்ற தனி மனிதர்கள் இவர்கள் மட்டுமே. அந்த உரிமை சும்மா வருவதில்லை. 12 வயது நிரம்பியிருக்க வேண்டும். மத்திய அரசு நடத்தும் தேர்வு எழுத வேண்டும். வானொலி எப்படி இயங்குகிறது என்பது ஒரு பகுதி, சட்டதிட்டங்கள் இன்னொரு பகுதி. மேல்நிலை லைசென்ஸ் வேண்டுமானால் நிமிஷத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தந்தி அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். தேறியவர்களுக்கு உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி கிடைக்கிறது. ‘வி.யூ.’ என்று தொடங்கினால் இந்தியர் என்று எங்கிருந்தாலும் புரிந்துகொள்வார்கள். இந்த முன்னெழுத்து 1929-ல் வந்தது.

உரிமையைவிடக் கட்டுப்பாடுகள் அதிகம். வியாபாரம் பேசக்கூடாது. பாட்டு ஒலிபரப்பக்கூடாது. சங்கேத மொழி கூடாது. காசு வாங்கவே கூடாது. அப்படியானால் என்னதான் பேசுகிறார்கள்? “சி.க்யூ., சி.க்யூ.” என்று யாரையும் குறிப்பிடாமல் கூப்பிடுகிறார்கள். ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று அதற்கு அர்த்தம். யாரோ பதில் சொல்கிறார். பெயர், ஊர், சிக்னல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது, எந்தக் கருவி, எத்தனை வாட், அங்கே மழையா வெயிலா. கடைசியில் “73” என்று ஒரு எண். பழைய தந்தி ஊழியர்கள் வைத்துவிட்டுப் போன வழக்கம் அது. ‘வணக்கத்துடன்’ என்று பொருள். பேசியது மூன்று நிமிஷமானாலும் நோட்டில் தேதி, நேரம், அலைவரிசையோடு பதிவாகிறது. பிறகு தபாலில் ஒரு அட்டை வரும். இந்த அட்டைகளை ஷூ பெட்டி ஷூ பெட்டியாகச் சேர்த்து வைத்திருப்பவர்கள் உண்டு. வீட்டுக்கு வரும் உறவினர்களுக்கு இதில் ஒரு விஷயம் மட்டும் விளங்குவதில்லை. முகம் தெரியாத ஒருவரிடம் மழையைப் பற்றிப் பேச இத்தனை பாடு எதற்கு?

இந்தக் கேள்வியைக் கொல்கத்தா நூறு வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. சொல்லப்போனால் இந்தியாவில் வானொலியின் கதையே இந்த ஊரில்தான் தொடங்குகிறது. பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ் 1894-95-ல் கல்கத்தா டவுன் ஹாலில் ஒரு வித்தை காட்டினார். கம்பி எதுவும் இல்லாமல் சுவர்களைத் தாண்டிப்போன அலை ஒன்று தூரத்து மணியை அடித்தது, வெடிமருந்தைப் பற்றவைத்தது. அட்லாண்டிக்கைக் கடந்து மார்க்கோனி சிக்னல் வாங்கியது 1901-ல். போஸ் பிழைப்புக்காக அதைச் செய்யவில்லை. தன் கண்டுபிடிப்புகளைக் காப்புரிமையாக்குவதில் அவருக்கு விருப்பமே இருந்ததில்லை. ஆசைக்காகச் செய்பவன் என்பதுதான் அமெச்சூர் என்ற சொல்லுக்கும் மூலப்பொருள்.

1921-ல் அமரேந்திர சந்திர குப்தா இந்தியாவின் முதல் அமெச்சூர் லைசென்ஸைப் பெற்றார். அவருடைய அழைப்புக்குறி 2 ஜே.கே. அடுத்து வந்த முகுல் போஸின் குறி 2 ஹெச்.க்யூ. இருவழித் தொடர்பை இந்த நாட்டில் முதலில் நடத்திக் காட்டியவர் என்ற பெருமை இவருக்கு. அப்போது அரசாங்க ரேடியோ நிலையம் எதுவும் கிடையாது. 1923 நவம்பரில் கல்கத்தா ரேடியோ கிளப் சின்ன அளவில் ஒலிபரப்பிப் பார்த்தது. பம்பாய் கிளப் அதே ஆண்டு ஜூனிலேயே தொடங்கியிருந்தது. அடுத்த வருஷம் சென்னையின் முறை. சி.வி. கிருஷ்ணசுவாமி செட்டி முன்னின்று உருவாக்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 1924 ஜூலை 31-ல் ஒலிபரப்பத் தொடங்கியது. பணமுடையால் 1927-ல் அது நின்றுபோக, 1930-ல் சென்னை மாநகராட்சி அந்தப் பணியை எடுத்துக்கொண்டது. கல்கத்தாவில் முறையான ஒலிபரப்பு 1927 ஆகஸ்ட் 26-ல், கார்ஸ்டின் பிளேஸ் முதல் எண் வீட்டில் தொடங்கியது. ஆக, இந்த நாட்டில் ரேடியோவுக்கு முதலில் வாய் கொடுத்தவர்கள் பொழுதுபோக்குக்காரர்கள். அரசாங்கமும் கம்பெனிகளும் பின்னால் வந்தார்கள்.

அமெச்சூர்களுக்கு விடை தெரியாத ஒரு புதிர் அந்நாட்களில் இருந்தது. அவர்கள் வீட்டில் கட்டிய பெட்டி ஒரு குண்டு பல்பு எரியும் மின்சாரத்தைக்கூடத் தின்பதில்லை. அதன் குரல் எப்படிக் கடல் தாண்டிப் போகிறது? ரேடியோ அலை நேர்கோட்டில்தானே ஓடும், பூமியோ உருண்டை. விடை தலைக்கு மேலே இருந்தது. சுமார் 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து மேலே பல அடுக்குகளாக வெயிலால் மின்னேற்றம் பெற்ற காற்று பரவியிருக்கிறது. அதுதான் அயனி மண்டலம். சிற்றலைகளை அது கண்ணாடிபோலக் கீழே திருப்பி அனுப்புகிறது.

இந்தக் கூரையை இந்தியாவிலிருந்து அளந்தவரும் ஒரு கல்கத்தாக்காரர்தான். கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் சிசிர் குமார் மித்ரா பாரிஸிலும் நான்சியிலும் பயின்று 1923-ல் திரும்பி வந்து, எம்.எஸ்ஸி. வகுப்பிலேயே ரேடியோவைப் பாடமாக்கினார். 1930-ல் அவருடைய குழு ‘ஈ’ என்ற அடுக்கு இருப்பதற்கு இந்தியாவில் நேரடிச் சான்று கண்டது. மேல் வளிமண்டலம் பற்றி அவர் எழுதி ஏஷியாட்டிக் சொசைட்டி 1947-ல் வெளியிட்ட பெரும் புத்தகம் ரஷ்ய மொழி வரை போனது. அவர் நிறுவிய ரேடியோ இயற்பியல் துறை ராஜாபஜார் அறிவியல் கல்லூரி வளாகத்தில் இன்றும் இயங்குகிறது.

கொல்கத்தா ஹாமுக்கு இது வெறும் பெருமைக் கதை அல்ல, தினசரி வாழ்க்கை. காலையில் வானத்தின் கீழ் அடுக்கு தடித்துக்கொள்ள, 7 மெகாஹெர்ட்ஸில் அண்டை மாநிலங்கள் மட்டும் கேட்கின்றன. சூரியன் சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைகிறது; அதே அலைவரிசையில் தூரதேசங்கள் மெல்ல மேலே எழுகின்றன. பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு இருபுறமும் அயனி மண்டலம் இரண்டு முகடுகளாகத் தடித்திருக்கும். வடபுற முகடு கொல்கத்தாவுக்கு அருகே. அதனால் சில மாலைகளில் எதிர்முனைக் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல நடுங்கும். சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கொரு முறை கூடிக் குறையும்போது எல்லாமே மாறும். 2024-25 ஒரு உச்சகாலம். அப்போது ஐந்து வாட்டுக்கே ஐரோப்பா பதில் சொன்னது. தாழ்வுகாலத்தில் 100 வாட் போட்டாலும் சில நாள் மௌனம்தான். முப்பது வருஷம் கம்பி கட்டியவர் இதுபோல இரண்டு மூன்று உச்சங்களைப் பார்த்திருப்பார். காலண்டரையும் கடிகாரத்தையும் பார்த்து, இன்று இந்த நேரத்துக்கு எந்தத் திசை திறந்திருக்கும் என்று சொல்லிவிடுவார். விவசாயிக்கு மழை தெரிவதுபோலத்தான்.

அரசாங்கத்துக்கு இந்தப் பொழுதுபோக்கின் மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. 1939-ல் உலகப் போர் மூண்டதும் லைசென்ஸ்கள் ரத்தாயின. அனுப்பும் கருவிகளை ஒப்படைக்கும்படி எழுத்துமூல உத்தரவு வந்தது. பயத்துக்குக் காரணம் இருந்தது என்று மூன்று வருஷத்தில் தெரிந்தது. 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தின்போது பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் நடத்திய ரகசிய காங்கிரஸ் ரேடியோவுக்குக் கருவி கட்டிக்கொடுத்தவர் நரிமன் பிரிண்டர் என்ற ஹாம். வீடு மாற்றி வீடு மாற்றிப் பேசிய அந்தக் குரல் நவம்பர் 12-ல் பிடிபட்டது.

போருக்குப் பின் 1946-ல் தற்காலிக லைசென்ஸ்கள் மறுபடி தலைகாட்டின. 1948 மே 15-ல் மோ நகரத்து ராணுவ சிக்னல் பள்ளியில் இந்திய அமெச்சூர் ரேடியோ கிளப் பிறந்தது. 1954-ல் அது டெல்லிக்கு இடம்பெயர்ந்து அமெச்சூர் ரேடியோ சொசைட்டி ஆயிற்று.

கருவிக்கு எங்கே போவது? போர் முடிந்து ராணுவங்கள் கழித்துக்கட்டிய செட்டுகள் பழைய சாமான் கடைகளில் எடைக்குக் கிடைத்தன. சென்னைக்காரர்களுக்கு மூர் மார்க்கெட் எப்படியோ, கல்கத்தாக்காரர்களுக்கு சாந்தினி மார்க்கெட் அப்படி. ராணுவத்தின் ‘62 செட்’ ஒன்று கிடைத்தவர் பாக்கியசாலி. கிடைக்காதவர்கள் ‘807’ வால்வை வைத்து, மரப்பலகையிலோ பிஸ்கட் டின்னிலோ தாங்களே டிரான்ஸ்மிட்டர் கட்டினார்கள். வெளிநாட்டுக் கருவியின் விலையையும் சுங்கவரியையும் நினைத்தால் மாதச் சம்பளக்காரர்களுக்கு வேறு வழி இல்லை. 1984-ல் இறக்குமதி வரி தள்ளுபடியானது. அதற்கு முந்தைய வருஷம் ஹைதராபாதில் தேசிய அமெச்சூர் ரேடியோ கழகம் தொடங்கியிருந்தது. நாட்டின் பிரதமரே ஒரு ஹாம் என்பது அன்றைய ஹாம்களுக்குப் பெரிய தெம்பு. ராஜீவ் காந்தியின் அழைப்புக்குறி வி.யூ.2 ஆர்.ஜி.

வரி போனாலும் விலை போகவில்லை. அதனால் கையால் கட்டும் பழக்கமும் சாகவில்லை. 2000-களின் தொடக்கத்தில் ஹைதராபாத் ஹாம் அஷர் ஃபர்ஹான் ‘பிட்-எக்ஸ்’ என்ற எளிய டிரான்சீவரை வடிவமைத்து, வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். தெருமுனைக் கடையில் கிடைக்கும் டிரான்சிஸ்டர்கள். கம்ப்யூட்டரில் வரும் குவார்ட்ஸ் படிகங்கள். கம்பிச் சுருள் சுற்றுவதற்குக் குழாய் ரிப்பேர்க்காரர் போடும் வாஷர். ஆறு வாட் அளவில் பேசும் இந்தப் பெட்டியை இந்தியாவுக்கு வெளியிலும் ஏராளமானோர் கட்டினார்கள். பட்டணத்துப் பணக்காரர் விளையாட்டு என்று ஒரு காலத்தில் பெயரெடுத்திருந்த ஹாம் ரேடியோவுக்கு அந்தப் பழியைப் போக்கியதில் குழாய் வாஷருக்கும் பங்கு உண்டு.

ஆனால் பெட்டி கதையின் சின்னப் பகுதிதான். பெட்டியைப் பணம் கொடுத்தோ பாகம் சேர்த்தோ ஒரு மாதத்தில் கொண்டுவந்துவிடலாம். காசு கொடுத்தும் கிடைக்காதது ஒன்று இருக்கிறது. அது காது.

புதிதாக லைசென்ஸ் வாங்கிய ஒருவருக்கு ஹெட்போனை மாட்டிவிட்டால் முதலில் கேட்பது அடுப்பில் எண்ணெய் பொரிவது போன்ற சத்தம் மட்டுமே. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மூத்தவர் அதற்குள்ளிருந்து ஒரு பெயரையும் ஊரையும் எடுத்து எழுதிக்கொண்டிருப்பார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒருவரை விலக்கி இன்னொருவரைக் கேட்க அவருக்குத் தெரியும். ஜப்பானியர் பேசும் ஆங்கிலம், ரஷ்யர் பேசும் ஆங்கிலம், பீகார்க்காரர் பேசும் ஆங்கிலம் என்று காது பிரித்து வைத்திருக்கும். சிக்னல் மங்கி எழும் தாளம் தெரிந்திருப்பதால், எழும் நேரம் பார்த்துத் தன் கேள்வியைப் போடுவார். எழுத்துக்கூட்டுவதற்கு ‘ஆல்ஃபா, பிராவோ, சார்லி’. எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எதிர்முனையைத் திருப்பிச் சொல்லவைத்துச் சரிபார்ப்பார். பத்து பேர் காத்திருக்கும் அலைவரிசையில் எப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் இந்தப் படிப்பில் சேர்த்தி. முகம் தெரியாதவரிடம் மழையைப் பற்றிப் பேசிப் பேசி வந்த பயிற்சி இது. உறவினர்களின் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. ஆனால் அதைப் புரியவைக்க ஒரு பேரழிவு வேண்டியிருக்கிறது.

அப்படி ஒன்று 2004 டிசம்பரில் வந்தது. பாதுகாப்புக் காரணங்களால் அந்தமானிலிருந்து ஹாம்கள் பேசுவதற்கு 1987-க்குப் பிறகு அனுமதி கிடைத்திருக்கவில்லை. அதனால் உலக ஹாம்களுக்கு அந்தமான் கிடைக்காத தபால்தலை மாதிரி. தேசிய அமெச்சூர் ரேடியோ கழகத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் விடாமல் முயன்று அனுமதி வாங்கி, சின்னக் குழுவோடு போர்ட் பிளேருக்குப் போய் டிசம்பர் முதல் வாரத்தில் வி.யூ.4 ஆர்.பி.ஐ. என்ற குறியில் பேசத் தொடங்கினார். ஒரு சிக்னல் ரிப்போர்ட், ஒரு நன்றி, அடுத்த ஆள் என்று ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதைவிட உபயோகமற்ற காரியம் இருக்க முடியாது.

டிசம்பர் 26 காலை ஆறரை மணி சுமாருக்குக் கட்டடம் ஆடியது. பிறகு கடல் வந்தது. தீவுகளுக்கிடையிலும் நிலப்பகுதிக்கும் தொலைபேசி அறுந்தது. விளையாட்டுக்காகக் கொண்டுபோன அதே பெட்டிகள் அன்று முதல் அவசரச் செய்தி நிலையமாயின. கார் நிகோபாரிலும் ஹாம்கள் நிலையம் அமைத்தார்கள். உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்த குடும்பங்களுக்கு, ஒரு பெயர், ஒரு ஊர், ‘நலம்’ என்ற ஒரு சொல் ஆகியவை ஒவ்வொன்றாக நிலப்பகுதிக்கு வந்து சேர்ந்தன. அந்தமானில் தமிழ்க் குடும்பங்களும் வங்காளிக் குடும்பங்களும் ஏராளம். சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் அந்தச் செய்திகளின் அருமை தனியாகச் சொல்லத் தேவையில்லை. மூன்று வாரம் வேடிக்கையாக வரிசை நடத்திய பழக்கம்தான் நான்காவது வாரத்தில் கைகொடுத்தது.

கொல்கத்தாவுக்குச் சொந்த அனுபவமும் உண்டு. 2020 மே 20-ல் அம்பன் புயல் நகரத்தைக் கடந்தபோது டம் டம் பக்கம் காற்றின் வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பல பேட்டைகளில் நாட்கணக்கில் மின்சாரமில்லை. செல்போன் கோபுரங்களின் பேட்டரிகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்காரர்கள் கையில் செத்த செல்போனோடு நின்ற அதே நிலை. செல்போனுக்குக் கோபுரம் வேண்டும், கோபுரத்துக்கு மின்சாரமும் கேபிளும் வேண்டும். ஹாமுக்கு ஒரு கார் பேட்டரியும் இரண்டு கழிக்கு நடுவே ஒரு கம்பியும் போதும். சமீப ஆண்டுப் புயல்களின்போது சுந்தரவனப் பக்கம் தற்காலிக நிலையங்கள் அமைக்க கொல்கத்தா ஹாம்கள் போவது வழக்கமாகிவிட்டது.

புயல் இல்லாத நாளிலும் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் மகர சங்கராந்திக்கு கங்காசாகர் தீவில் லட்சக்கணக்கானோர் நீராடக் கூடுகிறார்கள். கூட்டத்தில் தொலைந்துபோகிறவர்களில் வயதானவர்கள் அதிகம். எழுதப் படிக்கத் தெரியாது. ஊர்ப்பெயரை மட்டும் சொல்வார்கள். அந்தப் பெயரில் நாட்டில் நூறு ஊர் இருக்கும். சிலருக்கு அதுவும் நினைவில் இருக்காது. மேற்கு வங்க ரேடியோ கிளப்பின் ஹாம்கள் மேளாவில் உட்கார்ந்து இவர்களிடம் பேச்சுக் கொடுக்கிறார்கள். பேசும் மொழியின் சாயலைப் பிடிக்கிறார்கள். எந்த மாநிலம், எந்தப் பக்கம் என்று ஊகித்து, அந்தப் பகுதி ஹாம்களுக்குச் செய்தி அனுப்புகிறார்கள். அங்கிருந்து காவல் நிலையம், பஞ்சாயத்து, தெரு, வீடு. மேளாவில் தொலைந்தவர்கள் மட்டுமல்ல, வருஷக்கணக்காகக் காணாமல்போய் ஆஸ்பத்திரிகளிலும் நடைபாதைகளிலும் கிடந்தவர்களும் இப்படி வீடு திரும்பியிருக்கிறார்கள். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெயரையும் ஊரையும் எடுக்கும் பழைய வேலைதான் இதுவும். நடுவில் ஹெட்போன் இல்லை, அவ்வளவே.

2016-ல் இன்னொரு விஷயம் செய்தித்தாள்களில் அடிபட்டது. எல்லைப் பக்கத்திலிருந்து நள்ளிரவில் வங்காளியிலும் உருதுவிலும் புரியாத பேச்சுகள் வருவதைக் கேட்ட கொல்கத்தா ஹாம்கள் அதை அதிகாரிகளுக்குத் தெரிவித்தார்கள். 1939-ல் இவர்களுடைய கருவிகளைப் பறித்த அரசாங்க இயந்திரம், இப்போது இவர்களுடைய காதைக் கேட்டு நடவடிக்கையில் இறங்கியது.

இப்படிப்பட்ட காதுக்கு இன்று வந்திருக்கும் ஆபத்து போலீஸிடமிருந்து வரவில்லை. மொட்டைமாடியிலிருந்து வருகிறது. பவானிபூரிலும் பாலிகஞ்சிலும் பழைய வீடுகள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழர்களுக்கும் இந்த மாற்றம் பழகிப்போன காட்சி. பழைய வீட்டில் மாடி குடும்பத்துக்குச் சொந்தம். அடுக்குமாடியில் அது சங்கத்துக்குச் சொந்தம். ‘இடி இழுக்குமா, டிவி கெட்டுப்போகுமா, கதிர்வீச்சு வருமா’ என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லித்தான் பத்து மீட்டர் கம்பிக்கு அனுமதி வாங்க வேண்டும். பல இடங்களில் பதில் சொன்னாலும் கிடைப்பதில்லை. இருபது வருஷமாக இருந்த கம்பி ஒரு பெயின்ட் அடிக்கும் சாக்கில் இறக்கப்பட்டு, மறுபடி ஏறாமலே போவதும் உண்டு.

அடுத்த ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. மட்டமான எல்.இ.டி. விளக்குகள், இன்வெர்ட்டர்கள், சார்ஜர்கள் எல்லாம் சிற்றலையில் ஓயாமல் இரைச்சலைக் கொட்டுகின்றன. ஒரு கட்டடத்தில் நாற்பது வீடு என்றால் நாற்பது வீட்டு இரைச்சலும் அந்தக் கம்பியில் வந்து விழுகிறது. துர்கா பூஜை விளக்கு அலங்காரம் வந்தால் கேட்கவே வேண்டாம். மெல்லிய சிக்னல்கள் மூழ்கிவிடுகின்றன. காது பழகுவதற்கே இடமில்லை.

ஹாம்கள் சும்மா இருப்பார்களா? பால்கனிக்குள் அடங்கும் வளைய ஆன்டெனா கட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பேட்டரியையும் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு ஆள் நடமாட்டமில்லாத திறந்தவெளிக்குப் போய் மரத்தில் கம்பியை வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னும் பலர் கம்ப்யூட்டரிடம் சரணடைந்துவிட்டார்கள். நோபல் பரிசு பெற்ற அமெரிக்க வானியல் அறிஞரும் ஹாமுமான ஜோ டெய்லர் முதலியோர் 2017-ல் வெளியிட்ட ‘எஃப்.டி.8’ என்ற முறையில், மனிதக் காதுக்கு எட்டவே எட்டாத சிக்னலைக்கூடக் கம்ப்யூட்டர் படித்துவிடுகிறது. இரைச்சல் நிறைந்த அடுக்குமாடிக்கு இது வரப்பிரசாதம். ஆனால் அதில் பேச்சு இல்லை. அழைப்புக்குறியும் சிக்னல் அளவும் பரிமாறிக்கொள்ளப்படும், முடிந்தது. நூறு தேசம் பிடித்துவிட்ட ஒருவர் ஒரு மனிதக் குரலைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். அவரைப் புயலன்று சாகர் தீவில் உட்காரவைத்தால், அழுதுகொண்டே பேசும் ஒருவரிடமிருந்து ஊர்ப்பெயர் வாங்க அவருக்கு வருமா என்று மூத்த ஹாம்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இளைஞர்கள் வருவதில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2025 ஜூலையில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுபான்ஷு சுக்லா இந்திய மாணவர்களோடு ஹாம் ரேடியோ வழியாகப் பேசியபோது எத்தனையோ பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவந்தது. தேர்வு எழுதும் ஆசையும் சிலருக்கு வந்திருக்கும். லைசென்ஸும் கிடைக்கும், பெட்டியும் கிடைக்கும். கம்பி கட்ட ஓர் இடமும், பக்கத்தில் உட்கார்ந்து ‘இப்போது கேள்’ என்று சொல்ல ஒரு மூத்தவரும் கிடைப்பார்களா என்பதுதான் கேள்வி. பேரிடர் மேலாண்மைக்கு அரசாங்கங்கள் சாட்டிலைட் போன் வாங்கலாம், வாங்கத்தான் வேண்டும். கூடவே, ஊருக்கு நாலு மொட்டைமாடிகளில் பத்து மீட்டர் கம்பியை அனுமதிக்கும்படி குடியிருப்புச் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னால் செலவு ஒரு பைசா இல்லை.

விஸ்வகர்மா பூஜை முடிந்த மறுநாள் காலையில் கொல்கத்தாவின் மாடிகளில் கிழிந்த பட்டங்கள் கிடக்கும். மகாளய அமாவாசையும் அநேகமாகப் பக்கத்தில் இருக்கும். விடியற்காலை நான்கு மணிக்கு ‘மகிஷாசுரமர்தினி’ கேட்பதற்காகப் பழைய ரேடியோக்களைத் தூசி தட்டி ரிப்பேர்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த நேரத்தில் ஒரு மாடியில் ஒரு மனிதர் ஏணி போட்டு ஏறி, கம்பியில் சிக்கிய மாஞ்சா நூலைப் பிரித்தெடுத்துக்கொண்டிருப்பார். அறுந்த இடத்தை முறுக்கி, சால்டர் வைத்து, மூங்கிலில் மறுபடி இழுத்துக் கட்டிவிட்டுக் கீழே வருவார். ஹெட்போனை மாட்டிக்கொள்வார். எண்ணெய் பொரியும் சத்தம். கொஞ்ச நேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு நோட்டை எடுத்துத் தேதி போடுவார்.